படைச் செலவுக்கும் கணக்குக் கேட்ட சுபேதார் மகன்

வடசென்னையில் அம்பேத்கர் சிலை இல்லாத வட்டாரம் அரிது. நீலக் கோட்டும் கையில் புத்தகமுமாக அவர் நிற்கிறார். அந்தப் புத்தகம் அரசியல் சாசனம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், அவர் முதலில் ஆழ்ந்து படித்தது சட்டம் அல்ல, பொருளாதாரம். அதிலும் குறிப்பாக அரசின் வரவு செலவு. அரசு யாரிடம் வரி வாங்குகிறது, அதை எதற்குச் செலவிடுகிறது, செலவிட்டதற்கு யாரிடம் கணக்கு ஒப்புவிக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் அவர் கடைசிவரை விடவில்லை. மற்றவர்கள் தொடத் தயங்கிய ராணுவக் கணக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

முகாமில் பிறந்த பிள்ளை

1891 ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பிறந்த இடம், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மோவ் என்னும் ராணுவ முகாம். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். தாத்தா மாலோஜியும் படைவீரர். அந்தக் காலத்தில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு கட்டாயம். ஊர்ப் பள்ளி வாசலில் நிறுத்தப்பட்ட மகர் சமூகத்துக்கு எழுத்தறிவு வந்த வழிகளில் ஒன்று ராணுவம்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். பழைய சென்னைப் படையில் பறையர் சமூகத்தவர் பெருமளவில் பணியாற்றினர். ஆனால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய அதிகாரிகள், போர் செய்யும் சாதி, போர் செய்யாத சாதி என்று மக்களைப் பிரித்தார்கள். 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. தெற்கத்தி வீரர்களுக்கும் கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. மெட்ராஸ் பயனியர் படை 1933இல் முற்றாகக் கலைக்கப்பட்டது. இரண்டு தலைமுறை ரத்தம் சிந்திய குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவுகள் இவை.

ஆகவே அம்பேத்கர் ராணுவத்தின் எதிரி அல்ல. ராணுவம் தன் மக்களுக்கு என்ன தந்தது, பிறகு எதைப் பறித்தது என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். அவர் கணக்குக் கேட்டதற்கு இதனால்தான் கூடுதல் எடை உண்டு.

கம்பெனியின் கடன், குடியானவனின் தலையில்

பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1913இல் நியூயார்க் சென்ற அம்பேத்கர், 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வுகளில் ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. கம்பெனி நிலவரி வாங்கியது, உப்புக்கு வரி போட்டது, அபினி விற்றது. வந்த பணத்தில் பெரும்பங்கு படைக்கும் போருக்கும் போனது. பாசனத்துக்கும் சாலைக்கும் கிடைத்தது சொற்பம். 1858இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து இங்கிலாந்து அரசுக்கு மாறியபோது, கம்பெனி வைத்திருந்த கடன் இந்திய மக்களின் கணக்கில் எழுதப்பட்டது. தங்களை அடிமைப்படுத்திய போர்களின் செலவைத் தாங்களே கட்ட வேண்டிய நிலை. இந்த அநியாயத்தைத்தான் 24 வயது மாணவர் எண்களோடு காட்டினார்.

1925இல் லண்டனில் அச்சான அவருடைய நூல் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றியது. அதில் இன்னொரு விஷயத்தையும் விளக்கினார். 1833க்குப் பிறகு பணத்தின் மீதான முழு அதிகாரமும் கல்கத்தாவில் இருந்த தலைமை ஆளுநரிடம் குவிந்தது. சென்னை மாகாணம் ஒரு புதிய வேலையிடம் உண்டாக்கவும் அங்கே கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. மையத்திலோ போர்ச் செலவு பணத்தை விழுங்கியது. அந்தப் பசிக்காகப் போட்ட வரிகளில் ஒன்று உப்பு வரி. அத்திப்பட்டு, எண்ணூர் உப்பளங்களில் பாத்தி கட்டிய கூலித் தொழிலாளியும் தன் கஞ்சிக்குப் போட்ட உப்புக்கு வரி கட்டியவர்தான்.

வாக்கெடுப்பு இல்லாத செலவு

முதல் உலகப் போர் சென்னைக்கு வந்தது துறைமுகம் வழியாக. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியதில் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றின. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் நெய்த காக்கித் துணி சிப்பாய்களின் சீருடையானது. 1917இல் இந்தியா பிரிட்டனுக்குப் போர்க் காணிக்கையாக 10 கோடி பவுண்டு, அன்றைய மதிப்பில் 150 கோடி ரூபாய், தருவதாக ஏற்கப்பட்டது. அந்தக் கடனுக்கு வட்டி கட்டப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களுக்கு வாக்குரிமையே இல்லை.

1919ஆம் ஆண்டுச் சட்டம் டெல்லியில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட சட்டசபையை அமைத்தது. ஆனால், ராணுவச் செலவை அந்தச் சபையின் வாக்கெடுப்புக்கு விடத் தேவையில்லை என்றும் அதே சட்டம் சொன்னது. விவாதிக்கவும் வைஸ்ராயின் அனுமதி வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கேட்கும் சில ஆயிரம் ரூபாயைச் சபை வெட்டலாம். படைக்குப் போகும் பல கோடியைத் தொட முடியாது.

1927இல் பம்பாய் சட்டசபைக்குப் போன அம்பேத்கர், மக்களிடம் சாராய வரியாக வாங்கும் அளவுக்காவது அவர்களுடைய கல்விக்குச் செலவிடுங்கள் என்று கேட்டவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு, நமது இரட்டைமலை சீனிவாசனோடு சென்றார். அங்கே பாதுகாப்பு பற்றிய துணைக்குழுவில், தகுதி உள்ள எந்தச் சமூகத்தவருக்கும் ராணுவம் திறந்திருக்க வேண்டும் என்று வாதாடினார். வரி எல்லாரிடமும் வாங்குவது, வேலை மட்டும் சில சாதிகளுக்கு என்பது அவருக்கு ஏற்கத்தக்கதாக இல்லை.

1940இல் பாகிஸ்தான் பிரச்சினை பற்றி அவர் எழுதிய நூலில் இந்த ரகசியம் நேரடியாகப் பேசப்படுகிறது. ராணுவத்தில் எந்த வட்டாரத்தவர், எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்று மத்திய சட்டசபையில் உறுப்பினர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். பொது நலன் கருதிச் சொல்ல முடியாது என்று அரசு மறுத்தது. அந்தக் கேள்விகளையும் மறுப்புகளையும் அம்பேத்கர் எடுத்து வைத்து, எதை மறைக்க இந்தப் பிடிவாதம் என்று அரசைக் கேட்டார். கூடவே ஒரு கணக்கையும் தந்தார்: மத்திய அரசின் ஆண்டு வருவாய் சுமார் 121 கோடி ரூபாய், அதில் ராணுவத்துக்கு மட்டும் சுமார் 52 கோடி.

இதற்கிடையே படையில் தன் மக்களுக்கான இடத்துக்காகவும் அவர் போராடிக்கொண்டிருந்தார். 1941இல் வைஸ்ராய் அமைத்த பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். அதே ஆண்டு மகர் படைப்பிரிவு மீண்டும் உருவானது. படையில் பங்கு, படைச் செலவில் கணக்கு. இரண்டையும் அவர் ஒருசேரக் கேட்டார். ஒன்றுக்கொன்று முரண் என்று அவர் கருதவில்லை.

போர்க்கால அமைச்சர்

1942 முதல் 1946 வரை அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். 1942 ஏப்ரலில் ஜப்பான் படையெடுப்பு அச்சத்தில் சென்னையில் பாதி ஊர் காலியானதை நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் நகரின் மேல் குண்டும் வீசியது. 1944 செப்டம்பரில் அம்பேத்கர் சென்னைக்கு வந்தார். மாநகராட்சி ரிப்பன் மாளிகையில் வரவேற்பு அளித்தது. பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர் என்.சிவராஜ், அவருடைய துணைவியார் மீனாம்பாள் சிவராஜ் ஆகியோர் அப்போது இங்கே அவருடைய இயக்கத்தின் தூண்கள்.

நிர்வாகக் குழுவுக்குள் இருந்தாலும் போர்ச் செலவின் சாவி அவரிடம் இல்லை. போர்த் துறை படைத் தலைமைத் தளபதியிடமும், நிதித் துறை ஆங்கிலேய அதிகாரியிடமும் இருந்தன. போர்ச் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதை லண்டன் அரசும் டெல்லி அரசும் 1939இலேயே தமக்குள் பேசி முடித்திருந்தன. பிரிட்டன் தர வேண்டிய பங்கு லண்டனில் கடனாகவே எழுதப்பட்டது. இந்தியாவிலோ நோட்டு அச்சடித்துச் செலவு செய்தார்கள். விலைவாசி தாறுமாறாக ஏறியது. போர் முடிந்தபோது பிரிட்டன் தர வேண்டிய கடன் சுமார் 130 கோடி பவுண்டு. அந்தக் கடனை உண்மையில் கொடுத்தவர்கள் ரேஷன் வரிசையில் நின்றவர்களும், 1943 வங்கப் பஞ்சத்தில் செத்தவர்களும்தான்.

சாசனத்தில் போட்ட பூட்டு

அரசியல் சாசனத்தை எழுதும் பொறுப்பு வந்தபோது இந்த அனுபவம் கைகொடுத்தது. பழைய முறையில் ஒரு செலவுப் பட்டியலில் தலைமை ஆளுநர் கையெழுத்துப் போட்டால் போதும், கருவூலம் திறக்கும். 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதை மாற்றினார். இனி நாடாளுமன்றம் நிறைவேற்றும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லாமல் அரசின் தொகுநிதியிலிருந்து ஒரு பைசாவும் எடுக்க முடியாது. ராணுவத்துக்கும் விலக்கு இல்லை. வெள்ளையர் ஆட்சியில் வாக்கெடுப்புக்கு வராத படைச் செலவு, குடியரசில் மக்கள் பிரதிநிதிகளின் வாக்குக்கு வந்தது.

பணம் எடுப்பதற்குப் பூட்டு போட்டாயிற்று. எடுத்த பணம் எங்கே போனது என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவி. சுருக்கமாக சி.ஏ.ஜி. என்கிறோம். அவர் அரசுத் துறைகளின் கணக்கைத் தணிக்கை செய்து குடியரசுத் தலைவரிடம் அறிக்கை தருவார். அது நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். பிறகு பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். 1949 மே 30 அன்று நடந்த விவாதத்தில், சாசனத்தின் அதிகாரிகளிலேயே அநேகமாக இவர்தான் மிக முக்கியமானவர் என்று அம்பேத்கர் கருத்துச் சொன்னார். நீதித்துறையின் கடமையைவிட இவருடைய கடமை பெரியது என்றும், அந்த அளவுக்கு இவருக்குச் சுதந்திரம் தரப்படவில்லை என்றும் வருந்தினார்.

அந்தப் பதவியின் தேவை உடனே தெரிந்தது. காஷ்மீர்ப் போரை ஒட்டி 1948இல் லண்டனில் இருந்த இந்தியத் தூதர் வி.கே.கிருஷ்ண மேனன், ராணுவத்துக்குப் பழைய ஜீப்புகள் வாங்க ஒப்பந்தம் போட்டார். பணத்தில் பெரும்பகுதி முன்னதாகவே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்த 155 ஜீப்புகளும் ஓடும் நிலையில் இல்லை. தணிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும் குறையைச் சுட்டிக்காட்டின. சுதந்திர இந்தியாவின் முதல் ராணுவக் கொள்முதல் ஊழல் புகார் அது. 1955இல் அரசு அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது. மறு ஆண்டு மேனன் மத்திய அமைச்சரானார். 1957இல் பாதுகாப்புத் துறையே அவரிடம் வந்தது. கணக்கைக் கண்டுபிடிக்க ஆள் இருந்தார். நடவடிக்கை எடுக்கத்தான் யாரும் இல்லை.

அமைச்சருக்கே தெரியாத முடிவுகள்

1951 செப்டம்பரில் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். இந்து சட்ட மசோதா கைவிடப்பட்டதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது முக்கியக் காரணம். ஆனால், ஒரே காரணம் அல்ல. அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றத்தில் விளக்கம் தர அவர் எழுந்தார். அறிக்கையின் பிரதியை முன்கூட்டியே தர வேண்டும் என்று துணை சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார் நிபந்தனை போட்டார். அதை ஏற்காமல் அம்பேத்கர் வெளியேறி, அறிக்கையைப் பத்திரிகைகளிடம் கொடுத்தார்.

அந்த அறிக்கையில் பட்டியல் சாதியினருக்குச் சுதந்திரத்துக்குப் பிறகும் விடிவில்லை என்ற வேதனை இருக்கிறது. அதோடு இரண்டு விஷயங்கள் நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்துகின்றன.

முதலாவது, பணம். நாட்டின் ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாய் என்றும், அதில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது என்றும் சொன்னார். இது சாதாரணச் சுமை அல்ல. உதவிக்கு வரும் நண்பர்கள் உலகில் நமக்கு இல்லாததால்தான் இவ்வளவு செலவு என்று வெளியுறவுக் கொள்கையைக் குறை கூறினார். அவர் தந்த இரு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1940இல் நூற்றுக்கு 43. சுதந்திரம் வந்த பிறகு நூற்றுக்கு 51.

இரண்டாவது, ரகசியம். முக்கிய முடிவுகளை எல்லாம் அமைச்சரவைக்குள் இருக்கும் சிறு குழுக்களே எடுத்துவிடுகின்றன. ராணுவ விவகாரங்களைப் பாதுகாப்புக் குழு தனியே தீர்த்துக்கொள்கிறது. மற்ற அமைச்சர்கள் திரைக்கு வெளியே நிற்கிறார்கள். முழு அமைச்சரவை, எடுத்த முடிவைப் பதிவு செய்யும் அலுவலகமாகிவிட்டது என்று குற்றம் சாட்டினார். கூட்டுப் பொறுப்பு என்ற பெயரில் எல்லா அமைச்சர்களும் அந்த முடிவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால், அது என்ன முடிவு என்று அவர்களுக்கே தெரியாது. நாட்டின் சாசனத்தை வடித்த சட்ட அமைச்சருக்கே கதவு மூடியிருந்தது என்றால், குப்பத்தில் இருக்கும் வாக்காளருக்கு என்ன தெரியும்?

1952 முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அவர், 1954 செப்டம்பரில் பட்டியல் சாதி ஆணையரின் அறிக்கை மீது பேசியபோது, நிலமற்ற தம் மக்களைத் தரிசு நிலங்களில் குடியமர்த்தப் பணம் கேட்டார். பணமில்லை என்ற பதிலை எதிர்பார்த்தவர்போல், உப்பு வரியை மீண்டும் கொண்டுவந்து அதை இதற்கென்று தனி நிதியாக ஒதுக்கலாம் என்று வழியும் சொன்னார். ஒரு காலத்தில் படைச் செலவுக்காக ஏழைகளிடம் பிடுங்கிய வரி அது. அதை வெளிப்படையான கணக்கோடு ஏழைகளின் நிலத்துக்கே திருப்பச் சொன்னார். அது நடக்கவில்லை. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

இன்றைய கணக்கு

2025-26 மத்திய பட்ஜெட் மொத்தம் சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதுகாப்புத் துறைக்குச் சுமார் 6.81 லட்சம் கோடி. இத்தனை பெரிய மானியக் கோரிக்கை பல ஆண்டுகளில் விவாதமே இல்லாமல் மற்றவற்றோடு சேர்த்து நிறைவேற்றப்படுகிறது. உளவுப் பணிக்கான ரகசியச் செலவுக்கு ரசீதுகளைத் தணிக்கையாளர் பார்ப்பதில்லை. பொறுப்பு அதிகாரி தரும் சான்றிதழே போதும் என்பது விதி. தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோதும் உளவு அமைப்புகளுக்கும், ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பெருமளவு விலக்கு தரப்பட்டது. 2019 பிப்ரவரியில் ரஃபேல் போர் விமானம் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, விலை விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன.

எல்லாவற்றையும் மேடை போட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். படை எங்கே நிற்கிறது, எந்த ஆயுதம் எத்தனை இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக் கூடாதுதான். ஆனால், என்ன விலைக்கு வாங்கினோம், போட்டி விலை கேட்டோமா, பணம் முன்னதாகக் கொடுத்தோமா, வந்த பொருள் ஓடுகிறதா என்பவை வேறு கேள்விகள். ஓடாத ஜீப்பை மறைப்பதால் எல்லை பாதுகாக்கப்படுவதில்லை. அதில் ஏறிப் போக வேண்டியவர் ஒரு சிப்பாய். அவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளை.

கணக்கு திறந்திருந்தால் என்ன பலன் என்பதற்கும் சான்று உண்டு. 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது, பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்ட நிதி அதற்குத் திருப்பிவிடப்பட்டது தகவல் உரிமைச் சட்டத்தின் மூலமே வெளியில் வந்தது. அரசும் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் பூட்டிய அறைக்குள் போயிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது. ஆதிதிராவிடர் விடுதியில் சோற்றுக்கும், கல்லூரி மாணவரின் உதவித்தொகைக்கும் பணமில்லை என்று சொல்லும் அரசு, வேறு எங்கே எவ்வளவு செலவிடுகிறது என்பதைக் காட்டக் கடமைப்பட்டது.

காட்டுப்பள்ளியில் கடலோரக் காவல் கப்பல்கள் கட்டப்படுகின்றன. ஆவடியில் டாங்குகள் செய்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்களும், படையில் பிள்ளைகளை அனுப்பியவர்களும் நம் ஊர்க்காரர்கள். ராணுவத்தை மதிப்பதும், ராணுவத்துக்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு சுபேதார் ராம்ஜியின் மகனே சாட்சி. மாணவர்கள் ஆண்டுதோறும் வரும் மத்திய பட்ஜெட்டையும் சி.ஏ.ஜி. அறிக்கையையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். தேர்வுக்குப் படிக்கும்போதே அதில் பாதுகாப்புத் துறைக்கு என்ன ஒதுக்கினார்கள், ஆதிதிராவிடர் நலனுக்கு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது, அந்த இரண்டு எண்களையும் சொல்லி விளக்கம் கேளுங்கள்.